அம்பு விடாத வேட்டை

கொலராடோ மலைகளில் வில்லும் அம்புமாக எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குத்தான் மான் கிடைக்கிறது. துப்பாக்கிக்காரர்களைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் ஐந்தில் ஒருவரைத் தாண்டுவது அபூர்வம். இத்தனைக்கும் அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் வாழும் மாநிலம் அது. சுமார் 2,80,000 மான்கள் அந்தக் காடுகளில் மேய்கின்றன. இருந்தும் பெரும்பாலோர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள். அடுத்த செப்டம்பரில் மறுபடியும் மூட்டை கட்டுகிறார்கள். கிடைக்காத ஒன்றுக்காக இப்படி அலைவதில் என்ன இருக்கிறது என்று நேரில் பார்க்கத்தான் அண்ணனோடு மலையேறினேன்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஃபோர்ட் காலின்ஸில் குடியேறி வெகுகாலம் ஆகிறது. ஊரில் இருந்தவரை கவட்டையால் ஓணான்கூட அடித்தவர் இல்லை. கூட வேலை பார்த்த ஒருவர் கற்றுக்கொடுத்து வில் பிடித்தார். கோடை முழுவதும் வீட்டுக் கொல்லையில் இலக்குப் பலகையை நட்டு, நாற்பது கஜத்திலிருந்து அம்பு எய்து பழகுகிறார். அந்த நாற்பது கஜம்தான் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட எல்லை. அதற்கு மேலே நிற்கும் மான் அவருக்கு மான் இல்லை. என்னிடம் லைசென்ஸ் கிடையாது. அவருக்குப் பின்னால் நடப்பதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும்தான் என் வேலை.

டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 நெடுஞ்சாலை, 11,000 அடி உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து மலையின் அந்தப் பக்கம் வெளிவருகிறது. கொலராடோ ஆற்றை ஒட்டிக் கிளென்வுட் பள்ளத்தாக்கைக் கடந்தோம். ரைஃபிள் என்ற சிறிய ஊரில் வடக்கே திரும்பினால் மீக்கர் வருகிறது. மீக்கரில் பெட்ரோல் பங்க் முதல் காபிக்கடை வரை எங்கும் வேட்டைக்காரர்கள். பழைய மீக்கர் ஹோட்டலின் முன்கூடத்துச் சுவரெல்லாம் கொம்போடு கூடிய எல்க் தலைகள். தியோடர் ரூஸ்வெல்ட் 1901-இல் இந்தப் பக்கம் மலைச் சிங்க வேட்டைக்கு வந்தார் என்பதை இன்னும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது அந்த ஊர்.

ஆனால் ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே இந்த மான்களின் பின்னால் நடந்தவர்கள் யூட் பழங்குடிகள். அவர்களை உழவுக்குத் திருப்புவேன் என்று பிடிவாதம் பிடித்த அரசு அதிகாரி நேதன் மீக்கர் 1879-இல் அவர்கள் கையால் கொல்லப்பட்டார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் வெள்ளையாற்று யூட் மக்களை அங்கிருந்து கிளப்பி யூட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு மீக்கர் பெயர் நிலைத்தது. மலைமேல் யூட் மக்கள் நடந்த தடங்களில் இப்போது மற்றவர்கள் நடக்கிறார்கள். வேட்டையைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

மீக்கருக்குக் கிழக்கே வெள்ளையாற்றின் கூடவே ஏறும் சாலை, கடைசியில் மண்பாதையாகி டிராப்பர்ஸ் ஏரியில் முடிகிறது. ஏரியே 9,600 அடி உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி அரைவட்டமாக எரிமலைப் பாறைச் சுவர். சுவருக்கு மேலே உச்சியே இல்லாமல் தட்டையாக விரியும் புல்வெளி. ஃபிளாட் டாப்ஸ் என்ற பெயர் அதனால்தான். 2002-இல் எரிந்த காட்டின் கருகிய மரங்கள் இன்னும் நட்டுக்குத்தலாக நிற்கின்றன, நடுநடுவே புதுக் கன்றுகள். 1919-இல் இந்த ஏரியைச் சுற்றிக் குடில்கள் கட்டவும் சாலை போடவும் இடம் அளக்க வந்தவர் ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளம் வனத்துறை ஊழியர். அளந்து முடித்தவர், இங்கே எதையும் கட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். 1964-இன் வனாந்தரச் சட்டத்துக்கு வித்திட்ட யோசனைகளில் அதுவும் ஒன்று. இன்று ஏரிக்கு அப்பால் மோட்டார் வண்டி கூடாது, சைக்கிள் கூடாது, இறைச்சி இழுக்கும் தள்ளுவண்டிகூடக் கூடாது. கால் அல்லது குதிரை.

எல்க் நம் கடமானுக்கு உறவு. ஆனால் கடமானைப் போல ஒண்டியாகத் திரிவதில்லை, கூட்டமாக மேயும். வளர்ந்த ஆண் 300 கிலோ தாண்டும். கொம்பு ஒவ்வொரு வசந்தத்திலும் உதிர்ந்து, கோடையில் ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் வரைகூட வளரும். செப்டம்பரில் இணை தேடும் காலம். அப்போது ஆண் எழுப்பும் ஓசையை அங்கே பியூகிள் என்கிறார்கள். அடித்தொண்டையில் தொடங்கி, எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் சுற்றுவதுபோல் கிறீச்சிட்டு ஏறி, கடைசியில் நாலைந்து உறுமலாக முடிகிறது. இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து இவ்வளவு மெல்லிய குரலா என்று முதலில் நம்ப முடியவில்லை. அதிகாலை இருட்டில் அதைக் கேட்டதும் அண்ணன் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தப் பிடியிலேயே தெரிந்தது, மனிதர் ஏன் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார் என்று.

முதல் மான் கைநழுவியது காற்றினால். மலையில் இரவுக் காற்று குளிர்ந்து கனத்துச் சரிவில் கீழே இறங்கும். வெயில் பட்டதும் சூடாகி மேலே ஏறும். சாயங்காலம் மறுபடி கீழே. வேட்டைக்காரனுக்கு இதுதான் பஞ்சாங்கம். விடியலில் மான் மேலே இருந்தால், இவன் கீழிருந்து ஏற வேண்டும். மனித வாடை மானை எட்டாது. அப்படித்தான் ஏறினோம். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகி நின்ற சரிவின் மேல் விளிம்பில் பெண் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓர் ஆண் ஓட்டிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் மாவு நிரப்பிய ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டி உண்டு. அமுக்கினால் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி காற்றில் பறக்கும். அமுக்கினார். பொடி எங்கள் முகத்துக்கு வந்தது. நல்லது. மரத்துக்கு மரம் நகர்ந்தோம். உயரத்தில் மூச்சு வாங்குகிறது. வாங்கும் மூச்சையும் சத்தமில்லாமல் வாங்க வேண்டும். எழுபது கஜம் இருக்கும்போது எதிர் மலை முகட்டில் வெயில் விழுந்தது. மறுபடி புட்டியை அமுக்கினார். பொடி அந்தரத்தில் நின்றது. ஒரு கணம் நேராக மேலே எழுந்தது. பிறகு எங்களை விட்டு மான்களைப் பார்த்துப் போகத் தொடங்கியது.

"போச்சு" என்று அண்ணனின் உதடு அசைந்தது.

கூட்டத்தில் மூத்த பெண் ஒன்று தலையை நிமிர்த்தியது. ஒரே ஒரு குரைப்பு. அடுத்த நிமிடம் சரிவில் ஒரு மானும் இல்லை. ஆளைக் கண்ணால் பார்த்தால் எல்க் சில சமயம் நின்று யோசிக்கும். சத்தம் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்கும். வாடை மூக்கில் பட்டுவிட்டால் யோசனையே கிடையாது, மலை தாண்டி வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விடும் என்றார் அண்ணன். விடியலுக்கு முன் எழுந்து ஏறிய ஏற்றமெல்லாம் ஒரு சிட்டிகைப் பொடியின் திருப்பத்தில் முடிந்தது. அண்ணன் யாரையும் திட்டவில்லை. தண்ணீர் குடித்தார், வரைபடத்தை விரித்தார்.

இரண்டாவது வாய்ப்பு இன்னும் கொடுமையானது. மதியத்துக்கு மேல், ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்த இருண்ட காட்டுக்குள் உட்கார்ந்து, மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் சவ்வு ஒன்றை நாக்கால் அழுத்திப் பெண் மான்போல் கூப்பிட்டார். இயற்கையில் ஆணின் குரலைக் கேட்டுப் பெண் போவதும் உண்டு. இங்கே ஆணை வரவழைக்க வேண்டும். அது வரும், ஆனால் கூப்பிட்டவளைப் பார்க்கக்கூடிய இடம் வரை வந்து நின்றுவிடும். அங்கே யாரும் தெரியாவிட்டால் மேற்கொண்டு ஓரடி எடுத்து வைக்காது. அதனால்தான் அனுபவசாலிகள் இருவராகப் போகிறார்கள்: ஒருவர் பின்னால் தள்ளி உட்கார்ந்து கூப்பிட, வில்காரர் முன்னால் காத்திருப்பார். மான் கூப்பிட்ட இடத்தைப் பார்த்தபடி வில்காரரைக் கடந்து நடக்கும். எனக்கு அந்தச் சவ்வை ஊதத் தெரியாது. இரண்டு வேலையையும் அண்ணனே செய்ய வேண்டியிருந்தது.

பதில் வந்தது, மிக அருகில். முதலில் கிளை முறிகிற ஓசை. பிறகு வாடை: மூத்திரமும் சேறும் கலந்து தொண்டையில் ஒட்டும் நெடி. பிறகு புதர்களுக்கு மேலே கொம்பின் நுனிகள் மட்டும், வெளுத்து, பளபளப்பாக. அண்ணன் நாணை இழுத்தார். காம்பவுண்ட் வில்லில் முழுக்க இழுத்த பிறகு கனம் குறையும், ஆனாலும் காத்து நிற்கும் ஒவ்வொரு நொடியும் தோளில் ஏறும். மான் முப்பத்தைந்து கஜத்தில் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பின்னால் வந்து நின்றது. இந்தப் பக்கம் மூக்கும் கொம்பும். அந்தப் பக்கம் பின்தொடை. நெஞ்சு முழுவதும் மரத்துக்குப் பின்னால். ஒரே ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். அது எடுத்து வைக்கவில்லை. அண்ணனின் முழங்கை நடுங்கத் தொடங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு அணில் எங்களைக் கண்டு கத்த ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் நாணை மெல்லத் தளர்த்தினார். அந்த அசைவு போதுமானதாக இருந்தது.

"பின்பக்கம் நல்லாத் தெரிஞ்சுதே அண்ணா, விட்டிருக்கலாமே?" என்றேன்.

"நெஞ்சுக்கூடு தெரியாம விடக்கூடாது தம்பி. அது சாகாது, பிழைக்கவும் செய்யாது."

அந்தப் பதிலின் கனம் அன்றிரவுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு முதியவர் இருந்தார். வாழ்நாள் முழுவதும் இந்த மலைக்கு வருபவர். நெருப்பருகே பேச்சு வந்தபோது, தவறவிட்ட மான்களைப் பற்றி அவர் வருந்தவே இல்லை. ஓர் ஆண்டு அவருடைய அம்பு பட்டும் கிடைக்காமல் போன ஒரு மானைப் பற்றித்தான் பேசினார். அம்பு வயிற்றுப் பக்கம் பட்டால் உடனே துரத்தக்கூடாது, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். துரத்தினால் காயத்தோடு மைல் கணக்கில் ஓடிவிடும். அவர் காத்திருந்தார். பிறகு இலை இலையாகக் குனிந்து இரத்தத் துளிகளைத் தேடினார். வழியில் மழை வந்துவிட்டது. அதற்கு மேல் துளிகள் இல்லை. அந்த ஆண்டு அவர் மறுபடி வில் எடுக்கவில்லை. தன் டேக்கை, அதாவது ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டை, அந்த மானுக்கே எழுதிவிட்டதாகச் சொன்னார். சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை, அது அவருடைய கணக்கு. குறி தவறுவதைவிடக் குறி பாதி பலிப்பதுதான் வேட்டையில் பெரிய துயரம். அண்ணன் நாணைத் தளர்த்தியதை நான் தோல்வி என்று நினைப்பதை அத்தோடு விட்டேன்.

எரிச்சலூட்டுவது மான் மட்டுமல்ல. பொதுநிலம் என்பதால் யாரும் வரலாம். ஒரு நாள் காலை எதிர்ச்சரிவில் ஓர் ஆண் குரல் கொடுத்தது. அண்ணன் பதில் கொடுத்தார். அது மறுபடி கொடுத்தது. பேச்சு நீண்டுகொண்டே போனது. குரல் நெருங்க நெருங்க அண்ணனின் முகம் இறுகியது. பாறை மறைவிலிருந்து வெளியே வந்தது கழுத்தில் மான்குரல் எழுப்பும் பிளாஸ்டிக் குழாய் தொங்கிய இன்னொரு வேட்டைக்காரர். இரண்டு பேரும் கை உயர்த்தி வணக்கம் சொல்லிக்கொண்டு எதிரெதிர் திசையில் நடந்தார்கள். அந்த அரைநாளும் போனது. அந்தச் சரிவில் உண்மையான மான் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். இந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் உள்ளூர்க்காரர்களின் பெரிய குறை. வெளிமாநிலத்தவர்கள் 700 டாலருக்கு மேல் லைசென்ஸுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அவர்களும் ஆண்டு முழுவதும் காத்திருந்து வருகிறவர்கள்தான்.

எனக்கு மறக்காத சாயங்காலம் ஒன்று உண்டு. எல்க் ஆண்கள் சேற்றுக்குழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் மூத்திரம் விட்டுப் புரண்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். அப்படியொரு குழியைக் கண்டுபிடித்து, காற்று எங்கள் பக்கம் இறங்கும்படியாக ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கொலராடோ சட்டப்படி சூரிய உதயத்துக்கு அரைமணி நேரம் முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி நேரம் பின்பு வரைதான் வேட்டையாடலாம். அண்ணன் அன்றைய அஸ்தமன நேரத்தைக் காலையிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்திருந்தார். வெயில் போனது. குளிர் ஏறியது. ஒன்றும் வரவில்லை. நேரம் முடிந்தது. அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நாணிலிருந்து அம்பைக் கழற்றித் தூணியில் சொருகினார். எழுந்து நடக்கலாம் என்று நான் கால்களை நீட்டிய நேரம், அது வந்தது.

இருபது கஜம்கூட இருக்காது. வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு கொம்புக் கிளையும் எண்ணும்படி தெரிந்தது. பக்கவாட்டில், நெஞ்சைத் திறந்துகொண்டு நின்றது. கோடை முழுவதும் கொல்லையில் எய்து பழகியதெல்லாம் இந்த நிலைக்காகத்தான். அது குனிந்து தண்ணீர் குடித்தது. முன்காலால் சேற்றை வாரி அடித்தது. மடங்கிப் படுத்துப் புரண்டது. எழுந்தபோது விலாவிலிருந்து சேறு பொத் பொத்தென்று விழுந்தது, முதுகிலிருந்து ஆவி பறந்தது. மைல் கணக்கில் வனக்காவலர் இல்லை. சாட்சி நான் ஒருவன்தான். அண்ணன் என்ன செய்திருந்தாலும் ஊரில் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன். அவருடைய கை தூணிப் பக்கம் போகவே இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அது புறப்பட்டுப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் முந்தி எழுந்தால் பயந்து ஓடி, மறுபடி அந்தக் குழிக்கு வராமல் போகும் என்பதற்காக நன்றாக இருட்டும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

1972-லிருந்து வேட்டையைத் தடைசெய்த நாட்டிலிருந்து போனவன் நான். நம் காடுகளுக்கு அந்தத் தடை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இந்த மலைகளின் கதை வேறு. 1910 வாக்கில் கொலராடோ முழுவதும் எல்க் ஆயிரத்துக்கும் கீழே போயிருந்தது. சந்தைக்காக இறைச்சியை வண்டி வண்டியாக விற்றார்கள். மேல்தாடைக் கோரைப் பற்களான அதன் இரண்டு தந்தப் பற்களுக்காகவும் சுட்டார்கள். வேட்டையை நிறுத்தி, வயோமிங்கிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டு, படிப்படியாகப் பெருக்கினார்கள். 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவிலங்குக்கே ஒதுக்கியது. 1970-களில் வில்லும் அம்பும் அந்த வரிக்குள் வந்தன. லைசென்ஸ் பணமும் மாநில வனவிலங்குத் துறைக்கே போகிறது. அதாவது, மான் கிடைக்காமல் திரும்பும் அத்தனை பேரும் கட்டும் பணத்தில்தான் வனவிலங்குப் பராமரிப்பின் பெரும்பங்கு நடக்கிறது. எல்லாருக்கும் கிடைத்துவிட்டால் இந்த ஏற்பாடு நாலைந்து ஆண்டுகூடத் தாங்காது. பத்தில் ஒன்பது பேரின் ஏமாற்றம் இந்த மான்களுக்குப் பாதுகாப்பு என்பதை அந்த ஒன்பது பேரே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதனால் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடியது.

கிடைத்தாலும் சுலபமில்லை. தின்னக்கூடிய இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது அங்கே குற்றம். நான்கு கால்களையும் முதுகுச் சதையையும் வெட்டியெடுத்து, எலும்பு நீக்கினாலும் நூறு கிலோ அளவுக்கு வரும் பாரத்தை முதுகில் சுமந்து பலமுறை ஏறி இறங்க வேண்டும், வெயிலில் கெடுவதற்குள். இதை நினைத்தே ஒரு மத்தியானம், செங்குத்தான பள்ளத்தின் அடியில் படுத்திருந்த ஆணை அண்ணன் நெருங்கக்கூட முயலவில்லை. "அடிக்கலாம். மேல கொண்டு வர முடியாது" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார். அன்று வெக்கை அதிகம்.

செப்டம்பர் 30 மாலை வில் வேட்டைக்காலம் முடிந்தது. அண்ணனின் டேக் மடிப்புக் கலையாமல் இருந்தது. பயன்படுத்தாத டேக்குக்குப் பணம் திரும்பக் கிடையாது.

வேட்டையில் விருப்பமில்லாமல் எல்க்கின் குரலை மட்டும் கேட்க நினைக்கிறவர்கள் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கத்துக்குள் கொலராடோ போங்கள். டென்வரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் எஸ்டெஸ் பார்க். அதை ஒட்டியே ராக்கி மலைத் தேசியப் பூங்கா. அங்கே வேட்டை கிடையாது, மான்கள் சாலையோரமே நிற்கும். மொரெய்ன் பார்க் புல்வெளியோரச் சாலைக்கு அந்தி சாய்வதற்குள் போய்விடுங்கள். குறைந்தது 75 அடி தள்ளி நில்லுங்கள், அவற்றைப் போலக் குரல் கொடுத்துக் கூப்பிடாதீர்கள். இரண்டும் பூங்கா விதி. கம்பளிச் சட்டை கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், இருட்டியதும் குளிர் எலும்பில் இறங்கும்.